காத்திருப்பதும் எதிர்பார்ப்பதும்

வெள்ளிமலைத் தோட்டம், மேல்பிரிவு,
லிந்துலை.
12.11.2024

லோஜினிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. வெறும் லோஜினி என்றே இருக்கட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ முகத்தைச் சுளிப்பாய். லயத்து வரிசையில் என் காம்பராவில் நின்று பேசினால், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து அறையில் தேங்காய் துருவுகிறவளுக்கும் கேட்கும். இது ஒரு பெண்பிள்ளையின் விஷயம். கேட்டவர்கள் போதும். அதோடு உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன்.

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. 'ஒன்று போலத் தெரியும் ஆங்கிலச் சொற்கள்.' சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசாகக் கொடுக்கச் சொல்லிப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தாய். பரிசளிப்பு விழாவில் அதிபர் உன்னை வானளாவப் புகழ்ந்தார். நானும் கைதட்டினேன். அப்புறம்தான் பிரித்துப் பார்த்தேன்.

நன்றியுரையில் அச்சகக்காரர் இருக்கிறார். உன் மாமியார் இருக்கிறார். அட்டைப்படம் வரைந்த தம்பி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் வருடக்கணக்காக உன்னோடு நின்று, அந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்த இந்தப் பெற்றீசியா மட்டும் 'மலையக நண்பர்கள் சிலர்' ஆகிவிட்டாள். போகட்டும். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை.

நம் வகுப்பின் சட்டம் உனக்கு மறந்துபோனதா? 'டொம் ஒரு நாய் வைத்திருக்கிறான்' என்ற பேச்சே கூடாது. உதாரணம் என்றால் தோட்டத்திலிருந்து வரவேண்டும், உண்மையாகவும் இருக்கவேண்டும். லுக், சீ, வாட்ச் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது மிலான் எழுந்து, கங்காணி கூடையை லுக் பண்ணுவார், கொழுந்தை சீ பண்ணமாட்டார், பொம்பிளைகளை வாட்ச் பண்ணுவார் என்று முழுக்க இங்கிலீஷில் சொன்னானே! மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றைக்கும் அந்த மூன்று சொல்லில் ஒரு பிள்ளை பிழை விடாது. அந்தக் கங்காணி அவனுடைய சொந்தப் பெரியப்பா. அதனால்தான் இரண்டாவது சட்டம். மண்டபத்தில் இங்கிலீஷில் சொன்னது மண்டபத்தோடு சரி. தமிழில் அது வாசலைத் தாண்டக்கூடாது. அந்தச் சட்டத்தைப் பலகையில் எழுதியதே நீதான்.

இப்போது உன் புத்தகத்தில் வெயிட், எக்ஸ்பெக்ட் வருகிற பக்கத்தை எடு. 'வெயிட் என்பது வரும்வரை காலம் கழிப்பது, எக்ஸ்பெக்ட் என்பது வரும் என்று மனம் நம்புவது.' நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இங்கிலீஷில் மூன்று வாக்கியம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் தமிழ்:

'வெள்ளிமலைத் தோட்டத்து அழகன் தன் மனைவிக்காகக் காத்திருக்கிறார். மகள் சுதர்ஷினி அம்மாவை எதிர்பார்க்கவில்லை. இனி வரமாட்டேன் என்று அம்மா அவளிடம் போனில் சொல்லிவிட்டார்.'

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பொம்பிளை அடுத்த தீபாவளிக்கு வந்துவிடுவாள், அதற்கடுத்த தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர் அழகன். மகளுக்கு உண்மை தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தமிழில் சொல்லவே முடியாத ஒன்றை அந்தப் பிள்ளை இங்கிலீஷில் சொன்னாள், நம் இருவரையும் நம்பி. சொல்லிவிட்டு அன்றைக்கு அவள் விட்ட மூச்சை நீயும்தான் பார்த்தாய்.

இப்போது பஸ் நிற்கிற இடத்தில் பையன்கள் அவளை 'எக்ஸ்பெக்ட்' என்று கூப்பிடுகிறார்கள். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், அழகனுக்கு 'வெயிட்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தானும் சிரிக்கிறார். புத்தகம் இன்னும் அவர் கைக்குப் போகவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாக்கியங்கள் கற்பனை, பெயர் தவறுதலாக வந்துவிட்டது என்று உன் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி அனுப்பு. அவர் படிப்பதற்கு முன்னால் அது என் கையில் இருக்கவேண்டும். பிள்ளை மார்ச்சில் பரீட்சை எழுதவேண்டியவள்.

பெற்றீசியா


வெள்ளவத்தை,
கொழும்பு 06.
24.11.2024

அன்புள்ள பெற்றீசியா அக்கா,

எனக்கு 'அன்புள்ள' எழுதக் கை வருகிறது, எழுதுகிறேன்.

நன்றியுரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புத்தகம் போடலாம், இருவர் பெயரிலும் போடலாம் என்று நான் உங்களைக் கேட்டேன். மண்டபப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். "அச்சுல போட்டா செத்துப் போயிரும்டி" என்று சிரித்துவிட்டு எழுந்து போனீர்கள். பிறகு எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தபோது பிரியாவிடைக்குக் கூட நீங்கள் வரவில்லை. நான் ஓடிப்போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னீர்களாம். ஓடிப்போனவள் எந்த முகத்தோடு உங்கள் பெயரைப் போடுவது?

இப்போது சுதர்ஷினி. அக்கா, நாம் படித்த காலத்தில் இங்கிலீஷ் புத்தகத்தில் யார் இருந்தார்கள்? நிமல் இருந்தான், டொம் இருந்தான், ஒரு மாமி கேக் சுட்டாள். அழகன் என்று ஒருவர் இருந்தாரா? பேச்சியம்மா இருந்தாளா? நம்முடைய பெயர்களை அச்சில் பார்க்கவேண்டும் என்றால் வாக்காளர் பட்டியலில்தான் தேடவேண்டும். அதனால்தான் ஒரு பெயரைக் கூட நான் மாற்றவில்லை. பிள்ளைகள் தங்கள் பெயரைப் பார்த்துத் தலைநிமிர்ந்து நடப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

வெயிட்டுக்குப் பின்னால் ஃபோர் வரும், எக்ஸ்பெக்டுக்கு வராது என்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்தப் பிள்ளை காட்டியது போல எந்தப் புத்தகமும் காட்டவில்லை. கொழும்பில் பெரிய பெரிய ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். கீழே தமிழ் இல்லாமல் எந்தப் பெற்றோர் வாங்குவார்கள், சொல்லுங்கள்.

பையன்கள் கேலி செய்வார்கள், இரண்டு வாரத்தில் இன்னொன்று கிடைத்தால் இதை விட்டுவிடுவார்கள். பெரிதாக்க வேண்டாம் அக்கா. கற்பனை என்று மட்டும் என்னால் எழுதமுடியாது. முன்னுரையைப் படித்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

லோஜினி


லிந்துலை
5.12.2024

லோஜினி,

முன்னுரையைப் படித்தேன். 'இந்நூலில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் தோட்டத்துப் பிள்ளைகள் தம் வாழ்விலிருந்து சொன்ன உண்மை.' அடடா! அந்த உண்மையை வைத்துத்தானே உன் புத்தகம் ஓடுகிறது.

பொரோ, டேக் இரண்டும் நாம்தான் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தோம். திருப்பிக் கொடுக்கிற எண்ணத்தோடு எடுத்தால் பொரோ. சும்மா எடுத்தால் டேக். சுதர்ஷினியிடமிருந்து நீ எடுத்தது இரண்டில் எது என்று நீயே உதாரணம் எழுதிப் பார்.

நேற்று அழகன் வந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார், கத்தி இடுப்பில் இருந்தது, புத்தகம் சட்டைக்குள் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்தை மடித்துக் கையில் கொடுத்திருக்கிறான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே பக்கத்தை விரித்தார்.

"மிஸ், இந்தத் தமிழு எனக்கு வெளங்குது. மேல இருக்குற இங்கிலீசு வெளங்கல. இங்கிலீசுல வேற மாதிரி இருக்குமோன்னு கேக்க வந்தேன். தமிழ்ல போடுறப்ப பிசகா போட்டுருப்பாங்களோ?"

நான் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன்.

"இல்ல மிஸ், காத்திருக்குறதும் எதிர்பாக்குறதும் ஒண்ணுதானே? எங்களுக்கு ஒண்ணுதானே? நானுந்தான் எதிர்பாக்குறேன், புள்ளையுந்தான் எதிர்பாக்குது. என்னத்துக்கு இப்பிடி ரெண்டாப் பிரிச்சுப் போட்டுருக்காங்க?"

எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. "எழுதுனவங்ககிட்ட கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன். அந்த மனிதரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்கவேண்டும். "கேளுங்க மிஸ், பிசகாத்தான் இருக்கும்" என்று இரண்டு தரம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

புதுத் தனிவீட்டில் அவர் என்ன செய்துவைத்திருக்கிறார் தெரியுமா? மனைவி குவைத்தில் நின்றுகொண்டு சமைத்துப் பழகியிருப்பாள், வந்தால் குனிந்து சமைக்க முதுகு வலிக்கும் என்று குசினியில் இடுப்பு உயரத்துக்குச் சீமெந்து மேடை கட்டிவைத்திருக்கிறார். மேடைக்கு மேலே ஒரு புதுத் துணியும் விரித்திருக்கிறார்.

அவருக்குப் பதில் உன் கையில்தான் இருக்கிறது. என் பெயரை நீ எங்கேயும் போடவேண்டாம். இரண்டாம் பதிப்பிலும் போடவேண்டாம். அந்த மனிதருக்கு நாலு வரி எழுது, எங்களுடைய தவறு என்று. உன் தலையில் இருக்கிற கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

பெற்றீசியா


வெள்ளவத்தை
28.12.2024

பெற்றீசியா அக்காவுக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை என்று சொல்லலாம், ஆனால் கோபம்தான் காரணம். டேக் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை அலுமாரிக்குள் தூக்கிப் போட்டேன்.

நீங்கள் கேட்பதை நான் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? ஒரு பத்திரிகை என்னைப் பேட்டி எடுத்திருக்கிறது. இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை எழுதிய புத்தகம் என்று மூக்கைச் சுளித்தவர்கள் இப்போது கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். கற்பனை என்று என் கையெழுத்தோடு ஒரு கடிதம் வெளியே போனால், "பாத்தீங்களா, எல்லாம் இவளாக் கட்டிவிட்டது" என்று நாளைக்கே சொல்வார்கள். ஒரு வாக்கியம் பொய் என்றால் எல்லா வாக்கியமும் பொய்தானே.

இன்னொன்றும் கேட்கவேண்டும். பொய் சொல்லாதே, உண்மையைச் சொன்னால்தான் சொல் மனதில் நிற்கும் என்று அந்தப் பிள்ளையை அன்றைக்கு எழுப்பி நிறுத்தியது யார்? அவள் முதலில் 'நான் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்' என்றுதான் சொன்னாள். "இதெல்லாம் எல்லாரும் சொல்றது, உன்னோடத சொல்லு" என்று விடாமல் நின்றது நீங்கள்தான். நான் கரும்பலகைப் பக்கம் நின்றேன். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த மேடத்திடம் "எங்க புள்ளைங்க எப்பிடிச் சொல்லுதுக பாருங்க" என்று அந்த வாக்கியத்தைப் பெருமையாகச் சொன்னதும் நீங்கள்தான். நீங்கள் சொன்னால் பெருமை, நான் எழுதினால் திருட்டா?

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டாதீர்கள் அக்கா.

அழகன் அண்ணனை நினைத்தால் மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் என்றைக்காவது தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

லோஜினி


லிந்துலை
19.01.2025

லோஜினி,

மேடத்திடம் சொன்னேன், உண்மைதான். இங்கிலீஷில் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியாது என்றால் உன் புத்தகத்தை யாரும் வாங்கவேண்டியதில்லை.

பிள்ளையை எழுப்பி நிறுத்தினேன் என்றாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. நான் பதில் சொல்லவேண்டியது அந்தப் பிள்ளைக்கு, உனக்கு இல்லை.

'என்றைக்காவது தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்ன, எழுது.

கிறிஸ்மஸ் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அழகன் மண்டப வாசலுக்கு வந்து நின்றார். "பதிலு வந்துச்சா மிஸ்?" வகுப்பு நடக்கும்போதே எட்டிப் பார்ப்பார். உள்ளே சுதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். "தபால் சுணங்குதுண்ணே, கிறிஸ்மஸ் நேரம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் வெறுப்பு வந்துவிட்டது. கிறிஸ்மஸுக்குப் பிறகு வந்த ஞாயிறு அவர் வரவில்லை. பொறுக்கமுடியாமல் மகளிடமே கேட்டுவிட்டார். அவளும் சொல்லிவிட்டாள், தமிழில்.

நான் போனபோது குசினி மேடையில் விறகு அடுக்கியிருந்தது. வெளியே மூன்று கல்லை வைத்து அவரே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். மகள் ஆக்கிய சோறு உள்ளே மூடியபடி இருந்தது.

"பொண்டாட்டி போனதத் தாங்கிக்குவேன் மிஸ். எத்தனையோ பேரு போறாங்க, எத்தனையோ பேரு வராம இருக்காங்க. ஆனா இந்தப் புள்ள, எல்லாம் தெரிஞ்சுகிட்டு எம்மூஞ்சியப் பாத்து சோறு போட்டுச்சே. நான் மேட கட்டுறப்ப சீமெந்து கொழைச்சுக் குடுத்துச்சே மிஸ். அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலயே. தோட்டமே சிரிச்சிருக்கு, நானும் அவங்களோட சேந்து சிரிச்சிருக்கேன்."

"ஒங்க மனசு ஒடஞ்சிரும்னுதானேண்ணே சொல்லாம இருந்திருக்கா" என்றேன். அவர் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். மகளோடு பேச்சு வார்த்தை இல்லை. ஒரே வீட்டில் இருவரும் இரண்டு லயத்துக்காரர் போல இருக்கிறார்கள்.

சுதர்ஷினி பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. பரீட்சை அனுமதி அட்டையைக் கொண்டு போய்க் கொடுத்தேன், வாங்கி ஜன்னலில் வைத்தாள். "எங்கிட்ட பேசாட்டியும் பரவால்ல, அப்பா சாப்புட்டா போதும் மிஸ்" என்கிறாள்.

இப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அவள் சொன்னது பிள்ளை விளங்காமல் சொன்ன கதை, புத்தகத்தில் நான்தான் சோடித்து எழுதினேன் என்று பெரிய இடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால், அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு மகளோடு பேசுவார். அவர் அதை நம்பவேண்டும் என்று கூட இல்லை. பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். கெஞ்சிக் கேட்கிறேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

பெற்றீசியா


வெள்ளவத்தை
02.02.2025

பெற்றீசியா அக்கா,

சீமெந்து குழைத்துக் கொடுத்தாள் என்ற இடத்தில் எனக்கு அதற்கு மேல் வாசிக்கமுடியவில்லை. என் கணவர் வாங்கி மீதியைப் படித்துக் காட்டினார்.

அழகன் அண்ணனுக்குக் கடிதம் இதோடு இருக்கிறது. நான்தான் எழுதினேன், அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லவே இல்லை, சொற்களின் வித்தியாசத்தைக் காட்ட நானாகக் கட்டிய கதை, பெயரைப் போட்டது என் பெரும் பிழை, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். பெயர், பட்டம், பாடசாலை எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டினாலும் காட்டட்டும். பேட்டியும் பதிப்பும் எக்கேடு கெட்டாலும் கெடட்டும்.

இரண்டாம் பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். அச்சாகி முடிந்துவிட்டது என்றார்கள். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நவம்பரிலேயே எழுதியிருக்கலாம். அதை நீங்கள் சொல்லவேண்டாம்.

லோஜினி


லிந்துலை
16.02.2025

லோஜினி,

உன் கடிதத்தை அழகனிடம் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். முழுக்க வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு உள்ளே போய் உன் புத்தகத்தை எடுத்துவந்தார். எடுத்த எடுப்பில் முன்னுரையைக் காட்டினார்.

"மிஸ், இதுல எல்லாமே உண்மைன்னு எழுதியிருக்குறதும் இந்த டீச்சர்தானே?"

"ஆமாண்ணே."

"கடதாசில எல்லாமே பொய்ன்னு எழுதியிருக்குறதும் இவங்கதானே?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"படிச்சவங்க. ஒங்க தேவைக்கு ஒண்ணு, எங்க தேவைக்கு ஒண்ணு எழுதித் தாறீங்க" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து இரண்டையும் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டார். "நல்ல மனசுலதான் எழுதியிருப்பாங்க. ஆனா யாருட்ட காட்டுறது மிஸ்? புள்ளதான் போயிருச்சே."

ஆமாம், போய்விட்டாள். அதற்கு இரண்டு நாளுக்கு முன்னால். கீழ்ப்பிரிவு ஜொய்சி வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள், அவளோடு பஸ் ஏறியிருக்கிறாள். விடியற்காலையில் அப்பாவுக்குச் சோறாக்கி மூடி வைத்துவிட்டுப் போனாளாம். அன்றைக்கு அந்தச் சோற்றை அவர் சாப்பிட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போதுதான் அவர் அழுதார். போவதற்கு முன்னால் சாப்பிட்டிருக்கக் கூடாதா என்று நான் கேட்கவில்லை. அவரே தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

அனுமதி அட்டை அதே ஜன்னலில் கிடக்கிறது.

நீ ஒரு மாதம் முந்தி எழுதியிருந்தால் என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். நீ சொல்லவேண்டாம் என்று கேட்டாய். ஆனால் வெட்டியது உனக்குத் தெரியவேண்டும், அதனால் வேறு தாளில் எழுதவில்லை.

இனி உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அவள் இருப்பது உன் வாசலில். போய்ப் பார். மார்ச் பரீட்சைக்கு அவளைக் கூட்டிவந்து விடு. ஆங்கிலப் பாடத்தை மட்டுமாவது எழுதட்டும். இந்த மேல்பிரிவில் இதுவரை ஒரு பிள்ளையும் அந்தப் பாடத்தில் ஏ எடுத்ததில்லை. அவள் எடுப்பாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெற்றீசியா


வெள்ளவத்தை
23.03.2025

அக்கா,

தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிர்க் கடை. அந்தக் கடையின் மூன்றாம் மாடியில் நிற்கிறாள். இத்தனை நாளும் அவள் தலைக்குக் கீழேதான் நான் நின்றிருக்கிறேன்.

பரீட்சை தொடங்குவதற்கு முன்னால் முதல் தடவை போனேன். கடைச் சீருடைச் சேலை, கொண்டை, நெற்றியில் பொட்டு. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். உடனே சிரித்தாள், கடைச் சிரிப்பு.

"வாங்க மிஸ், என்ன மாதிரி பாக்குறீங்க? பட்டுச் சேலையா, கொட்டன் சேலையா?"

நான் பரீட்சை என்றேன். கார் பிடித்துக் கூட்டிப்போகிறேன், முடிந்ததும் கூட்டிவருகிறேன், முதலாளியோடு நான் பேசுகிறேன் என்றேன். அவள் ஒரு சேலையை எடுத்து விரித்து, இது புது வரவு மிஸ், கரை நல்லா இருக்கும் என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சேலையை விரித்தாள். மேசை முழுக்கச் சேலை குவிந்துவிட்டது. முதலாளி திரும்பிப் பார்த்ததால் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆங்கிலப் பாடம் நடந்த நாளன்று மனது கேட்காமல் மறுபடியும் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கடைக்குள் நின்றது. பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை. கல்யாணத்துக்கு என்ன கட்டுவது, கழுவினால் சாயம் போகுமா என்று இங்கிலீஷில் ஏதேதோ கேட்கிறார்கள். கடைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி சத்தம் போட்டார், "இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லையா? தெரிஞ்சவங்க இங்க வாங்க, கீழ கவுண்டர்ல வேல தாறேன்!"

சுதர்ஷினி அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். சேலை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது என்று அவள் கை நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

நான் போய், "சுதா, உனக்குத் தெரியுமே, சொல்லேன்மா" என்றேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க மிஸ்" என்றாள்.

முதலாளிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். திரும்பி மடிக்கத் தொடங்கினாள். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள். ஏதோ மனம் இளகிவிட்டது என்று நினைத்து நின்றேன். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"மிஸ், இதையும் எங்கயும் எழுதிறாதீங்க."

அக்கா, உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

லோஜி


லிந்துலை
06.04.2025

லோஜி,

அவள் எழுதாதே என்று சொன்னதையும் எழுதிவிட்டாய். உன்னால் எழுதாமல் இருக்கமுடியாது, பாவம். நானும் படித்துவிட்டேன், அது என் பாவம். யாருக்கும் காட்டவில்லை. அழகனிடம் பிள்ளை நன்றாக இருக்கிறாள், நல்ல சேலை கட்டியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். "என்ன கலரு மிஸ்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீ எழுதவில்லை.

அவர் போன் வாங்கிவைத்திருக்கிறார். அவளுடைய எண்ணை ஜொய்சி கொடுத்துவிட்டாள். எடுத்து எடுத்துப் பார்க்கிறார், அழுத்துவதில்லை. அவளாகக் கூப்பிடட்டும் என்று இருக்கிறாராம். அங்கே அவளும் அப்படித்தான் இருப்பாள்.

நீ கேட்க மறந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள். சொந்த உதாரணம் சொல்லு என்று போன மாதம் மிலானை எழுப்பினேன். அந்த வாயாடி, கங்காணியையே விட்டுவைக்காதவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஒண்ணும் இல்ல மிஸ்" என்றான். அடுத்தவளை எழுப்பினேன். அவளுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஒருவர் வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யாரையும் எழுப்புவதில்லை. பலகையில் நானே எழுதிப்போடுகிறேன். டொம் ஒரு நாய் வைத்திருக்கிறான். டொம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறான். டொம் மழையை எதிர்பார்க்கிறான். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்கிறார்கள்.

பெற்றீசியா